பதினெட்டாம் அத்தியாயத்துக்கு வந்த அம்மா

கோபம் வந்தால் மட்டும் என்னை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடும் என் பிலோமினாவுக்கு,

கல்லறைத் திருநாளுக்கு நம் கோயிலின் பங்கு இதழில் உனக்கு நினைவஞ்சலி எழுதித் தரச் சொன்னார்கள். எல்லோரும் நாலு வரியும் ஒரு போட்டோவும் கொடுக்கிறார்கள். "எனக்குக் கொஞ்சம் நீளமாப் போவும்ப்பா" என்றேன், இதழ் தயாரிக்கும் பிள்ளைகளிடம். "எவ்ளோ அங்கிள்?" என்றார்கள். "உயிரோட இருக்கச்சொல்ல என்னை ஒரு வாக்கியம் முழுசாப் பேச விட்டவ இல்ல. இப்பதான் குறுக்கே வரமாட்டா" என்றேன். சிரித்துவிட்டு இரண்டு பக்கம் ஒதுக்கிவிட்டார்கள். நம் மகள் ஜெனியிடம் காட்டிய பிறகுதான் அச்சுக்குக் கொடுக்கிறேன். சில எழுத்துப்பிழைகளைத் திருத்தினாள். மற்ற எதையும் அடிக்கவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஜெனி நன்றாக இருக்கிறாள். பயந்தவன் நான்தான். என் பயம் உனக்குத் தெரியாததா? பல்லிக்குப் பயம், பல் டாக்டருக்குப் பயம், பத்திரிகையில் ராசிபலனுக்குப் பயம். "நாப்பது டன் வண்டிய எடை போடற ஆளு, ஒரு பல்லியப் பார்த்தா கட்டில் மேல ஏறி நிக்கறாரு" என்று உன் தங்கைகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். ஆனால் பெரிய பயங்களை நீ வாங்கிக்கொள்வாய். எண்ணூர் ஆலைகள் பக்கமிருந்து காற்றில் ஏதாவது நாற்றம் வந்தால் நீதான் முதலில் எழுந்து ஜன்னலைச் சாத்துவாய். நீ போய் இரண்டு வருஷமாக அந்தப் பயமும் சேர்த்து என் தலையில்.

போன மாதம் ஒரு மத்தியானம் காலேஜிலிருந்து போன் வந்தது. "ஜெனிஃபர் அப்பாவா? நாளைக்குக் காலையில வந்து தமிழ் டிபார்ட்மென்ட்ல பாருங்க." அவ்வளவுதான். வைத்துவிட்டார்கள்.

அப்போது நான் லாரிகளை எடை போடும் மேடையில் ஒரு கன்டெய்னர் வண்டி ஏறி நின்றுகொண்டிருந்தது. நான் சீட்டு கிழித்துக் கொடுத்தால்தான் அது இறங்க முடியும். நான் போனைப் பார்த்தபடி நிற்கிறேன். மனசு எங்கெங்கோ போகிறது. யாரையாவது காதலிக்கிறாளா? மயங்கி விழுந்தாளா? நான் எடை போட்டு ரோட்டுக்கு அனுப்புகிற வண்டிகளுக்கு ஓரமாகத்தானே என் பிள்ளையும் தினம் மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடந்து போகிறாள்? டிரைவர் மூர்த்தி ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினான். "அண்ணாத்தே! இன்னா, வண்டிய மேல ஏத்தி வெச்சிகினு தியானம் பண்றியா? எறங்கட்டா, இல்ல இங்கியே குடித்தனம் பண்ணட்டா?"

மறுநாள் போனேன். நீ எடுத்துக் கொடுத்த நீலச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டேன். இன்னும் பத்துப் பதினைந்து அப்பா அம்மாக்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. என் பிள்ளை மட்டும் இல்லை, கூட்டத்தோடு கூட்டம். எவ்வளவு கேவலமான நிம்மதி பார்.

தமிழ் மேடம் வயதில் சின்னவர். சத்தம் போடவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பாடமாக வைத்திருக்கும் நாவலைப் பற்றிய பரீட்சை. ஆளுக்கொரு விடைத்தாளைக் கையில் கொடுத்து, முன் பெஞ்சில் மாட்டிக்கொண்ட என்னைப் பார்த்து, "சார், நீங்க உங்க பொண்ணு எழுதினதைச் சத்தமாப் படிங்க" என்றார்.

எழுந்து நின்று படித்தேன். "பதினான்காம் அத்தியாயத்தில் கதாநாயகியின் தாய் நோயுற்று இறக்கிறாள். பதினெட்டாம் அத்தியாயத்தில் தாய் மணமேடைக்கு வந்து மகளை உச்சிமோந்து வாழ்த்துகிறாள்." படித்து முடித்து, கையெழுத்து எவ்வளவு அழகு என்று பெருமையாகக்கூட இருந்தது. "நல்லாத்தானே மேடம் எழுதியிருக்கா?" என்றேன்.

பக்கத்தில் இருந்தவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "யோவ், செத்துப்போனவ எப்டிய்யா கல்யாணத்துக்கு வருவா?"

வகுப்பே அப்படித்தான் எழுதியிருந்தது, பிலோ. அத்தனை பேரும் அந்தச் செத்துப்போன அம்மாவைக் கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நாவலை ஒருத்தியும் தொடவில்லை. காலேஜ் வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் கைடு நகல் விற்கிறார்கள், எல்லோரும் அதை வாங்கி மனப்பாடம் செய்திருக்கிறார்கள். போன வருஷத்து நாவலுக்கும் இந்த வருஷத்து நாவலுக்கும் ஒரே கடையில் நகல். திரும்பி வரும்போது அந்தக் கடைக்காரரிடமே கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "ஃபேன் காத்துல ரெண்டு கைடு பேப்பரும் கலந்து பூட்ச்சு சார். பொறுக்கி அடுக்கினேன். எல்லாத்துலயும் அம்மா, பொண்ணு, கல்யாணம்னுதான் கீது. எது எந்தக் கதன்னு எனக்கு இன்னா தெரியும்?" அவர் மேல் கோபப்பட எனக்கு வரவில்லை. படிக்கிற பிள்ளைகளுக்கே தெரியவில்லையே.

மேடம் கடைசியாகச் சொன்னதுதான் என்னை அடித்துப் போட்டது. அடுத்த திங்கட்கிழமை ஒவ்வொருத்தியும் வகுப்பில் எழுந்து நின்று, அம்மா இறக்கும் அத்தியாயத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அதன் பிறகு கல்யாணத்தில் என்ன நடக்கிறது என்றும் சொல்ல வேண்டும். சொல்லாதவர்களுக்கு மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் இல்லாவிட்டால் செமஸ்டர் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

நாவலின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நம் பங்குப் பிள்ளைகள் நேராகப் போய் அதன் கைடை வாங்கிவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து, "புக்கு வாங்கித் தந்தேனே, எங்கே?" என்றேன். ஜெனி கேட்காத மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டாள். நானே தேடினேன். பீரோவில், உன் புடவைகளுக்கு அடியில் இருந்தது. அங்கே ஏன் வைத்தாள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் நான் படித்த பத்தாம் வகுப்பின் லட்சணம் எனக்குத் தெரியுமே. மூடிக்கொண்டேன்.

அதற்குப் பதிலாக ஒரு மகா யோசனை செய்தேன். நானே நாவலைப் படித்து அவளுக்குக் கதையாகச் சொல்லிவிடுவது. சிரிக்காதே. புத்தகத்தைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ஒரு வண்டி இறங்கி அடுத்தது ஏறுவதற்குள் அரைப் பக்கம். அப்புறம் மறுபடி அதே அரைப் பக்கம், எங்கே விட்டேன் என்று தெரியாமல்.

மூர்த்தி பார்த்துவிட்டான். "இன்னா அண்ணாத்தே, கலெக்டர் பரிச்சையா?"

"பொண்ணுக்குடா. அவளுக்குப் பதிலா படிக்கிறேன்."

"அப்ப மார்க்கு ஒனக்கா, அவளுக்கா? சரி, இன்னா கத, சொல்லு. முன்னாடி லைன் நகர்ற மாதிரி தெரில."

சொன்னேன். தெற்கே ஒரு கடற்கரையில் உப்பளம். அங்கே வேலை செய்யும் பாக்கியம் என்று ஓர் அம்மா, வள்ளி என்று ஒரு மகள். அம்மா வெயிலில் உப்பு வாரிவிட்டு வந்து, மகளுக்குத் தோசை ஊற்றிக்கொண்டே தான் சாப்பிட்டதாகப் பொய் சொல்லுவாள். மூர்த்திக்கு அது பிடித்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு டிரிப்புக்கும் மேடையில் ஏறியதும் எடையைக் கேட்க மாட்டான், "அந்தம்மாவுக்கு இன்னா ஆச்சி?" என்றுதான் கேட்பான். காட்டுப்பள்ளித் துறைமுகம் வரை போய்த் திரும்புவதற்குள் நான் என்ன படித்தேனோ அதைச் சொல்லியாக வேண்டும். எனக்கும் பெருமை. ஒரு நாவலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேனே என்று.

அப்புறம் பதினாலாம் அத்தியாயம் வந்தது.

பாக்கியத்துக்குக் கால் வீங்குகிறது. வள்ளி கட்டைவிரலால் அம்மா பாதத்தை அமுக்கிப் பார்க்கிறாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருக்கிறது. அது நிரம்புகிறதா என்று இருவரும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பிலோ, இதை எழுதியவருக்கு உன் கால் எப்படித் தெரியும்? நான் புத்தகத்தை மூடிவிட்டேன். பட்டப்பகல், சுற்றிலும் ஹாரன் சத்தம், எனக்கு உள்ளங்கை வேர்த்து அட்டை ஒட்டிக்கொண்டது. இன்னும் முப்பது பக்கம் இருக்கிறது, அந்த அம்மா சாவதற்கு. முப்பது பக்கத்திலும் என்ன வரும் என்று எனக்குப் படிக்காமலே தெரியும்.

மூர்த்தி வந்தான். "அந்தம்மாவுக்கு இன்னா ஆச்சி?"

"போயிட்டாங்க."

"எப்டி?"

"போயிட்டாங்க, அவ்ளோதான்."

அவன் சீட்டை வாங்காமல் என்னைப் பார்த்தான். "இன்னா அண்ணாத்தே, தோச ஊத்தறத அம்புட்டு நேரம் சொன்னே. சாவறத ஒரே வார்த்தையில முடிக்கறே?"

நீ ஆஸ்பத்திரியில் இருந்த அந்தக் கடைசி வாரம், உள்ளே ஒருவருக்குத்தான் பாஸ். நான் உள்ளே, ஜெனி வெளியே பெஞ்சில். நான் வெளியே வந்து "அம்மா தூங்கறா" என்பேன். "சாப்ட்டா" என்பேன். கடைசியில் ஒரு நாள் வந்து, "அம்மா போயிட்டாடா" என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவே இல்லை, அன்றும் சரி, இந்த இரண்டு வருஷமும் சரி. கேட்காத பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

இப்போது என் பயம் வேறு மாதிரி ஆகிவிட்டது. அதுவரை மதிப்பெண்ணுக்குப் பயந்தேன். இப்போது அந்த முப்பது பக்கத்துக்குப் பயந்தேன். என் பிள்ளை அதைப் படித்தால் என்ன ஆகும்? படித்துவிட்டு, வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, எழுந்து நின்று வாயால் சொல்ல வேண்டும் என்றால்? நீ போன பிறகு அவள் ஒரு வாரம் பேசாமல் இருந்தாளே, அந்த ஒரு வாரம் எனக்கு இன்னும் கனவில் வருகிறது. மறுபடியும் அப்படி ஆகிவிட்டால் நான் யாரைக் கூப்பிடுவேன்? படிக்காவிட்டால் படிப்பு போகும். படித்தால் பிள்ளை போய்விடுவாளோ என்று பயம். மேடமிடம் போய்க் கெஞ்சலாமா என்று யோசித்தேன். "இந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் விட்டுடுங்க மேடம்" என்று என்ன காரணம் சொல்லிக் கேட்பது?

கடைசியில் கோழைகள் செய்வதைச் செய்தேன். அந்த அத்தியாயத்தை வரிவரியாகப் படிக்காமல், கண்ணை ஓட்டி, அங்கங்கே பொறுக்கி, ஒரு தாளில் எழுதினேன். கால் வீக்கத்தை விட்டுவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் அவளிடம் கொடுத்து, "இத மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோ. புக்கு வேணாம். மேடம் கேட்டா இது போதும்" என்றேன்.

அவள் வாங்கிப் படித்தாள். ரொம்ப நேரம் ஆகவில்லை, அரைப் பக்கம்தானே. மடித்து என்னிடமே கொடுத்தாள்.

"இதுவும் கைடுதான்ப்பா."

நான் தாளை மறுபடி பிரித்தேன்.

"எனக்கு அது தப்புன்னு தெரியும்" என்றாள்.

"எது?"

"கல்யாணத்துக்கு அம்மா வர்றது. பதினாலுல செத்துட்டாங்கன்னு மேல நானே எழுதியிருக்கேன். பார்த்தா தெரியாதா எனக்கு?"

"அப்புறம் இன்னாத்துக்குடி எழுதினே?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் சொன்னாள். "எழுதறப்ப நல்லா இருந்துச்சுப்பா."

பிலோ, மற்றப் பெண்கள் தெரியாமல் எழுதினார்கள். உன் மகள் தெரிந்தே உன்னை வரவழைத்தாள்.

அப்புறம் தானாகவே சொன்னாள். புத்தகம் வாங்கிய அன்றைக்கே சும்மா நடுவில் பிரித்திருக்கிறாள். கால் வீங்குகிற பக்கம் வந்திருக்கிறது. மூடி உன் புடவைக்கு அடியில் வைத்துவிட்டாள். "கைடுல ஒரு வரிதாம்ப்பா. ஒரு வரின்னா படிச்சிடலாம்." சோம்பேறி என்று நினைத்த வாயை நான் எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, இருவரும் மொட்டைமாடிக்குப் போனோம். காய்ந்த துணிகளில் வழக்கம்போலக் கரித்தூள். தூரத்தில் கிரேன்கள். பதினாலாம் அத்தியாயத்திலிருந்து அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று மாற்றி மாற்றிப் படிப்பதாகப் பேச்சு. நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதைப் பார்த்து அவள் சிரித்தாள். "நீ படிச்சா அந்தம்மா சாவறதுக்கே ஒரு வாரம் ஆவும்ப்பா" என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் கால் வீங்கும் பக்கம் யாருடைய முறைக்கு வரும் என்று விரலால் எண்ணிக்கொண்டே இருந்தேன். அவள் முறைக்குத்தான் வந்தது.

படித்தாள். குழி நிரம்புகிறதா என்று இருவரும் பார்க்கும் இடத்தில் நிறுத்தினாள். புத்தகத்தை மூடவில்லை. விரலை உள்ளே வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கும் இப்டித்தான் இருந்துச்சாப்பா?"

என் வாழ்க்கையில் இவ்வளவு பயந்ததில்லை. ஆஸ்பத்திரியில்கூட இல்லை. அங்கே பயப்பட நேரமில்லை.

சொன்னேன். எல்லாவற்றையும் இங்கே எழுத மாட்டேன், அது நம் மூன்று பேருக்கு. ஒன்றை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதற்கு அவள் சிரித்தாள். வீங்கின காலை நான் பிடித்துவிட்டபோது, "அமுக்காதே, மாவா பெசையற? உள்ளங்கால சொறிஞ்சி வுடு" என்றாய். சொறிந்தேன். "நெகம் வெட்டிகினு வாய்யா" என்று திட்டினாய். அடுத்த நாள் நான் நகம் வெட்டிக்கொண்டு வந்தேன். நீ பார்த்துவிட்டு, "இப்ப சொறிஞ்சா சொகமாவே இல்ல" என்றாய். ஜெனி சிரித்தாள், அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது, நானும் அழுதேன். பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த அந்த வீட்டம்மா எங்களைப் பார்த்துவிட்டு, துணியை எடுக்காமலே இறங்கிப் போனார்கள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு ஜெனி, "உன் முறை, படிப்பா" என்றாள். அந்த அத்தியாயத்தின் மிச்சத்தையும் கல்யாண அத்தியாயத்தையும் வெளிச்சம் இருக்கும்போதே முடித்தோம்.

திங்கட்கிழமை நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். வகுப்புக்கு வெளியே ஜன்னலோரம் நின்றுகொண்டேன். மேடம் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு பெண்ணாக எழுந்து சொன்னாள். சிலர் உண்மையாகவே படித்திருந்தார்கள். சிலர் வேறு கடையில் வேறு கைடு வாங்கியிருந்தார்கள், கேட்டாலே தெரிந்தது. இரண்டு வாக்கியத்தில் பாக்கியத்தைக் கொன்றுவிட்டு உட்கார்ந்தார்கள்.

ஜெனி எழுந்தாள். உப்பளத்திலிருந்து ஆரம்பித்தாள். கால் வீங்குவதைச் சொன்னாள். குரல் ஓர் இடத்தில் நின்றது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், உள்ளே போய்விடலாமா என்று நினைத்தேன். அவள் மேற்கொண்டு சொன்னாள். ஒன்றையும் விடவில்லை, பிலோ. கடைசி மூச்சு வரை சொன்னாள்.

மேடம் மெதுவாகக் கேட்டார். "பதினெட்டாம் அத்தியாயத்துல கல்யாணத்துக்கு யாரெல்லாம் வர்றாங்க?"

"உப்பளத்து ஜனங்க எல்லாரும் வர்றாங்க மேடம். அம்மா வரல." உட்காரும்போது சேர்த்துச் சொன்னாள். "வர மாட்டாங்க."

நீ இனி வர மாட்டாய் என்பதை நம் வீட்டில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் முறை.

பரீட்சை எழுதலாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் வெளியே தைரியமாக நின்றதாக ஜெனி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் கம்பியை விட்டிருந்தால் விழுந்திருப்பேன் என்பது உனக்கு மட்டும் தெரியட்டும். சரி, இதழ் படிப்பவர்களுக்கும் தெரியட்டும்.

பயம் போய்விட்டது என்று நினைக்காதே. இப்போது அவள் கேட்க ஆரம்பித்துவிட்டாள். சோறு போடும்போது கேட்கிறாள், இப்போதெல்லாம் நானே மெட்ரோ ஸ்டேஷனுக்கு விடப் போகும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்து கேட்கிறாள். "அம்மா அன்னிக்கு என்ன சொன்னாங்க?", "அப்புறம்?", "அப்புறம்?" ஒவ்வொரு "அப்புறம்" வரும்போதும் எனக்கு முதலில் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறது. என்றைக்காவது ஒரு நாள் அவள் கல்யாணத்தில், கோயிலில் பீடம் வரைக்கும் அவள் கையைப் பிடித்து நடக்க வேண்டுமே, அந்த நடையை நினைத்தால் பல்லியைப் பார்த்த மாதிரி இப்போதே கட்டிலில் ஏறி நிற்கத் தோன்றுகிறது.

இருந்தாலும் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவள் எந்த "அப்புறம்" கேட்டாலும் இனி ஒரு வரியில் முடிக்க மாட்டேன். நடுங்கிக்கொண்டே சொல்வேன். வாய் குழறினால் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சொல்வேன்.

உன்னை முழுசாகத் தெரிந்துகொண்ட பிள்ளையாக அவளை வளர்ப்பேன்.

ஜெனியின் அப்பாவும் இன்னும் உன் வீட்டுக்காரனுமான,
அந்தோணி
திருவொற்றியூர்